பி20, பி200, பி1000: பிப்பெட்மேன் கிளாசிக்கை இன்றைக்கும் வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், நீர்ப் பரிசோதனை என்று தண்ணீர் சார்ந்த கரைசல்களை மட்டும் கையாளும் ஆய்வுக்கூடத்துக்கு கில்சன் கம்பெனியின் பிப்பெட்மேன் கிளாசிக் (மைக்ரோலிட்டர், அதாவது மி.லி.யில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் திரவத்தை அளந்தெடுக்கும் கைக்கருவி; பி20, பி200, பி1000 என்பவற்றில் உள்ள எண் அதன் உச்ச அளவு) இன்றும் நல்ல முதலீடுதான். டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம், ஈதர் என்று புழங்கும் தொகுப்பு வேதியியல் கூடத்துக்கு அது தேவையில்லை. வேறு எந்தக் கம்பெனியின் காற்றுவழி மைக்ரோபிப்பெட்டும் தேவையில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இந்தக் கருவியின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று.

இது இரண்டு காப்புரிமைகளின் குழந்தை. ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹைன்ரிஷ் ஷ்னிட்கர், கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி அளக்கும் வேலையில் சலித்துப்போய், டியூபர்குலின் ஊசிக்குழல் ஒன்றை எடுத்து அதில் ஸ்பிரிங்கும் அளவை நிறுத்தும் தடையும் பொருத்தினார். ஊசி இருந்த இடத்தில் கழற்றி எறியக்கூடிய பிளாஸ்டிக் முனையை மாட்டினார். திரவம் முனைக்குள்ளேயே நின்றுவிடும், பிஸ்டனைத் தொடாது. நடுவில் காற்று மெத்தை. கடைசிச் சொட்டையும் தள்ளிவிட இரண்டாவது ஸ்பிரிங். 1957 மே 3 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1961-இல் கிடைத்தது. ஹாம்பர்க்கில் இருந்த எப்பண்டார்ஃப் நிறுவனம் உரிமம் வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிப்பெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு அளவைத்தான் எடுக்கும். 10, 20, 50, 100 என்று வேண்டுமானால் நான்கு பிப்பெட் வாங்க வேண்டும்.

அளவை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது அமெரிக்காவின் விஸ்கான்சினில். வாரன் கில்சனும் ஹென்றி லார்டியும் அங்கே உருவாக்கிய, திருகினால் எண் மாறும் பிப்பெட்டுக்கு 1974-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அப்போது அந்நாட்டுச் சட்டப்படி வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுதான் பாதுகாப்பு. ஆகவே 1990-களின் தொடக்கத்திலிருந்தே இந்த அமைப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சந்தையில் இன்று கிடைக்கும் மலிவுப் பிப்பெட்டுகளில் பெரும்பாலானவை இதே அமைப்பைக் கொஞ்சம் மாற்றிச் செய்தவைதாம். அவற்றை “டூப்ளிகேட்” என்று ஒதுக்குவது சரியில்லை. கம்பெனிப் பெயரைத் திருடி ஒட்டியிருந்தால் மட்டுமே அது டூப்ளிகேட். அசல் பிப்பெட்மேனில் உடம்பிலேயே தொடர் எண் இருக்கும், அந்த எண்ணுக்கான தரச் சான்றும் பெட்டியில் வரும். இரண்டும் பொருந்துகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எண்களைப் படிப்பதில் உள்ள வம்பு

கிளாசிக்கில் எண் காட்டும் சன்னலில் மூன்று இலக்கம்தான். தசமப்புள்ளி கிடையாது. நிறத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும். பி20-இல் மேலிருந்து கீழாக 1, 2, 5 என்று இருந்து, கடைசி 5 சிவப்பாக இருந்தால் அது 12.5 மைக்ரோலிட்டர். பி200-இல் அதே 1, 2, 5 மூன்றும் கறுப்பு, அது 125. பி1000-இல் மேலே சிவப்பு 0, அடுத்து 7, 5 என்றால் 750. அதாவது ஒரே மூன்று எண் மூன்று பிப்பெட்டில் மூன்று அளவு. புதிதாக வரும் மாணவர்கள் பத்து மடங்கு தவறாக எடுப்பது இங்கேதான். எப்பண்டார்ஃபின் ரிசர்ச் ப்ளஸ் வரிசையில் நான்கு இலக்கம் உண்டு, இந்தக் குழப்பம் குறைவு. முதுகலை மாணவர்களின் செய்முறைக் கூடத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான்கு இலக்கம் காட்டும் பிப்பெட்டின் பக்கம் சாய்வதில் தப்பில்லை.

இன்னொரு குறை, கிளாசிக்கில் அளவைப் பூட்டும் வசதி இல்லை. கட்டைவிரலால் பொத்தானை அமுக்கும்போது லேசாகச் சுழன்றால் எண்ணும் நகரும். 96 குழி கொண்ட தட்டை நிரப்பி முடிக்கும்போது 50-இல் தொடங்கிய பி200 சற்று நகர்ந்திருப்பது புதிதல்ல. கில்சனின் பிற்கால எல் வரிசையில் பூட்டு உண்டு. கிளாசிக் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சன்னலை ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அளவை வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குறைந்த எண்ணிலிருந்து கூடிய எண்ணுக்குப் போகும்போது, வேண்டிய எண்ணில் அப்படியே நிறுத்தக் கூடாது. மூன்றில் ஒரு சுற்று தாண்டிப் போய், பிறகு மெல்லக் கீழே இறக்கி நிறுத்த வேண்டும். திருகின் பற்களுக்கு இடையே உள்ள தளர்ச்சி எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்க இதுதான் வழி. மேலிருந்து வந்து 100 வைத்ததும், கீழிருந்து வந்து 100 வைத்ததும் தராசில் ஒன்றாக இராது. எல்லைக்கு மேல் திருகுவது அதைவிட மோசம். பி1000-ஐ 1000-க்கு மேல் முறுக்கினால் எண் சக்கரம் தடம் மாறிப்போகும். அதன்பின் சன்னலில் தெரியும் எண்ணுக்கும் உள்ளே பிஸ்டன் நிற்கும் இடத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

துல்லியம்: பெட்டியில் எழுதியிருப்பதும் அதன் பொருளும்

பி1000-இல் 1000 மைக்ரோலிட்டர் எடுக்கும்போது கில்சன் அனுமதிக்கும் சராசரிப் பிழை கூட்டியோ குறைத்தோ 8 மைக்ரோலிட்டர். அதே பிப்பெட்டில் 200 எடுத்தால் 3 மைக்ரோலிட்டர், அதாவது 1.5 சதவீதம். 100 எடுத்தால் அதே 3, இப்போது 3 சதவீதம். எண்ணளவில் பிழை மாறவே இல்லை, விகிதத்தில் இரட்டித்துவிட்டது. ரிசர்ச் ப்ளஸ்ஸின் 100–1000 பிப்பெட்டும் உச்சத்தில் 0.6 சதவீதம் என்கிறது, அடிமட்டத்தில் அதுவும் 3 சதவீதம்தான். கம்பெனியை மாற்றி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது, பிப்பெட்டின் அளவை மாற்றித்தான் தீர்க்க வேண்டும்.

20 மைக்ரோலிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பி20-இலும் எடுக்கலாம், பி200-இலும் எடுக்கலாம். பி20-இல் அனுமதிக்கப்படும் பிழை 0.2, பி200-இல் 0.5. மஞ்சள் டிப் (கழற்றி எறியும் பிளாஸ்டிக் முனை) இரண்டுக்கும் ஒன்றே என்பதால், கையில் பி200 இருக்கும்போது எழுந்து போய் பி20 எடுத்துவர யாருக்கும் மனம் வராது. ஆனால் திட்டக்கோடு (தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) போடும் கரைசல்களில் இந்த 0.3 மைக்ரோலிட்டர் வித்தியாசம் நேராகக் கோட்டின் சாய்வில் ஏறிவிடும். பிப்பெட்டின் உச்ச அளவில் 35 சதவீதத்துக்குக் கீழே போவதைத் தவிர்ப்பது நல்ல பழக்கம், 10 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது.

மலிவுப் பிப்பெட் விளம்பரங்களில் “ஐ.எஸ்.ஓ. 8655-க்கு உட்பட்டது” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பிப்பெட்டுகளுக்கான அந்தப் பன்னாட்டுத் தரநிலை எவ்வளவு தாராளமானது என்று தெரிந்துகொண்டால் இந்த வரி உங்களை மயக்காது. 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில், அளவு மாற்றும் பிப்பெட்டுக்கு உச்ச அளவில் அனுமதித்த பிழை எத்தனை மைக்ரோலிட்டரோ, அதே மைக்ரோலிட்டர் கீழ் அளவுகளுக்கும் பொருந்தியது. 1000-க்கு 8 என்றால் 100-க்கும் 8 வரை போகலாம் என்று இருந்தது. அதாவது 100 கேட்டு 92 வந்தாலும் அந்தப் பதிப்பின்படி சான்று கிடைத்திருக்கும்! ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது தரநிலையின் பெயரை அல்ல. 10 சதவீதம், 50 சதவீதம், 100 சதவீதம் ஆகிய மூன்று இடங்களில் கம்பெனி தானே உறுதி தரும் எண்களை. அந்தப் பட்டியலைத் தர முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

காற்று மெத்தை செய்யும் வேலை

பிஸ்டன் 1000 மைக்ரோலிட்டர் மேலே போனால் டிப்புக்குள் 1000 மைக்ரோலிட்டர் திரவம் ஏறும் என்று நினைப்பது இயல்பு. ஏறாது. மேலேறிய திரவத் தூணின் எடை காற்றைக் கீழே இழுக்கும், காற்று கொஞ்சம் விரியும், அந்த விரிவு அளவுக்குத் திரவம் குறையும். உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீல டிப்பில் நீர்த்தூண் 6 செ.மீ. உயரம் என்று கொள்வோம். அதன் அழுத்தம் ஏறக்குறைய 6 ஹெக்டோபாஸ்கல், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 0.6 சதவீதம். உள்ளே அடைபட்ட காற்று 3 மி.லி. என்றால் விரிவு 18 மைக்ரோலிட்டர். இந்த 18-ஐ ஈடுகட்டி, பிஸ்டனைக் கொஞ்சம் கூடுதலாக நகரவிட்டுத்தான் தொழிற்சாலையில் அளவு வைக்கிறார்கள். ஈடு வைத்திருப்பது தண்ணீருக்கு, கடல்மட்டத்துக்கு அருகே.

இப்போது அதே பிப்பெட்டை ஊட்டிக்குக் கொண்டுபோங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். அதே நீர்த்தூண் அங்கே காற்றை 23 மைக்ரோலிட்டர் விரிக்கும். சென்னையில் சரிபார்த்துச் சான்று வாங்கிய பி1000, ஊட்டியில் 1000-க்கு 5 குறைத்துத்தான் கொடுக்கும். பழுது எதுவும் இல்லை. மலைப்பகுதி ஆய்வுக்கூடங்கள் தங்கள் இடத்திலேயே தராசில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான். ரிசர்ச் ப்ளஸ்ஸில் உயரத்துக்கும் திரவ அடர்த்திக்கும் ஏற்பத் திருத்தி வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு சிறு சன்னல் உண்டு. கிளாசிக்கில் பயனர் தொட அப்படி எதுவும் இல்லை. நமக்குத் தெரிந்தவரை இந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. இருந்தாலும் குன்னூரிலோ கொடைக்கானலிலோ கூடம் வைத்திருப்பவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குப் பதில் குளோரோஃபார்ம் என்றால் அடர்த்தி 1.49, காற்றின் விரிவும் அதே மடங்கு கூடும், அளவு குறையும். ஆனால் கரிமக் கரைப்பான்களில் அடர்த்தி சின்னத் தொல்லைதான். பெரிய தொல்லை ஆவி. டைகுளோரோமீத்தேன் உள்ளே ஏறியதும் ஆவியாகி மெத்தைக் காற்றில் கலக்கும், உள் அழுத்தம் ஏறும், திரவம் தானாகவே வெளியே தள்ளப்படும். டிப்பை ஒரு பாத்திரத்திலிருந்து எடுத்து அடுத்த பாத்திரத்துக்குக் கொண்டுபோவதற்குள் மேசையில் மூன்று சொட்டு. அசிட்டோனும் அப்படித்தான். நான்கைந்து முறை ஏற்றி இறக்கி உள்காற்றை ஆவியால் நிறைத்துவிட்டால் சொட்டுவது குறையும், முழுதாக நிற்காது. அதற்குள் பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஓ-ரிங்கும் ஆவியைக் குடித்து உப்பிவிடும். தொகுப்பு வேதியியல் கூடத்துக்கு வாயு கசியாத கண்ணாடி ஊசிக்குழல் நல்லது. அல்லது கில்சனின் மைக்ரோமேன் மாதிரி, டிப்புக்குள்ளேயே கழற்றி எறியும் பிஸ்டன் வைத்த, காற்று மெத்தை இல்லாத பிப்பெட். அதற்கான முனைகளின் விலை சாதாரண டிப்பைவிடப் பல மடங்கு என்பதால் அன்றாட வேலைக்குக் கட்டாது. ஆவியாகும் திரவம், தேன்போன்ற திரவம் இரண்டுக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

வெப்பநிலையும் இதே காற்றின் வழியாகத்தான் விளையாடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 4 டிகிரிக் கரைசல் டிப்புக்குள் ஏறும்போது காற்று குளிர்ந்து சுருங்கும், திரவம் கொஞ்சம் அதிகமாக ஏறும். சூடான கரைசலில் நேர்மாறு. வழக்கமாக டிப்பை இரண்டு மூன்று முறை நனைத்துவிட்டு எடுக்கச் சொல்வோம். அறை வெப்பத்தில் உள்ள கரைசலுக்கு அது சரி, உள்காற்று ஈரமாகி அளவு நிலைப்படும். மிகக் குளிர்ந்த, மிகச் சூடான கரைசலுக்கு மட்டும் நனைக்கக் கூடாது. நனைக்க நனைக்கக் காற்றின் வெப்பநிலை மேலும் மாறும். ஒவ்வொரு முறையும் புது டிப், வேகமாக எடு, உடனே விடு.

கை வேலை

டிப்பை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதைப் பலரும் சட்டை செய்வதில்லை. பி2, பி10 பிப்பெட்டுகளுக்கு 1 மி.மீ.; பி20-க்கு 2 முதல் 3; பி200, பி1000-க்கு 2 முதல் 4. இதற்கு மேல் மூழ்கினால் டிப்பின் வெளிச்சுவரில் திரவம் ஒட்டிக்கொண்டு வரும். டி.என்.ஏ.வை வெட்டப் பயன்படும் வெட்டு நொதிகள் 50 சதவீத கிளிசராலில் வருபவை. குப்பியின் அடிவரை டிப்பை விட்டு 1 மைக்ரோலிட்டர் எடுத்தால், உள்ளே 1, வெளியே கிட்டத்தட்ட இன்னொன்று. ஒரே வாரத்தில் நொதி தீர்ந்துபோவதும், கிளிசரால் கூடி வெட்டு வேலை கெட்டுப்போவதும் இங்கிருந்துதான். டிப்பின் நுனி மட்டும் மேற்பரப்பைத் தொட்டால் போதும். வெளியே ஒட்டியிருந்தால் குப்பியின் உதட்டில் தேய்த்துவிட்டு எடுங்கள்.

எடுக்கும்போது பிப்பெட் செங்குத்தாக இருக்க வேண்டும், 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. முதல் தடை (பொத்தான் முதலில் தட்டி நிற்கும் இடம்) வரை அமுக்கி, டிப்பை இறக்கி, கட்டைவிரலை மெதுவாக விடுங்கள். பி1000-ஐப் பட்டென்று விட்டால் திரவம் பீய்ச்சிக்கொண்டு உள்ளே ஏறி டிப் மாட்டும் தண்டுக்குள்ளேயே போய்விடும். மேலே வந்ததும் ஒரு விநாடி பொறுத்து டிப்பை எடுங்கள். திரவத்தை விடும்போது பாத்திரச் சுவரில் டிப்பைச் சாய்த்துத் தொட்டு, முதல் தடை வரை, ஒரு விநாடி, பிறகு இரண்டாம் தடை. பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே சுவரில் இழுத்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும்.

கிளிசரால், சோப்பு கலந்த தாங்கல் கரைசல், புரதம் செறிந்த சீரம் ஆகியவற்றுக்குத் தலைகீழ் முறை நல்லது. இரண்டாம் தடை வரை அமுக்கி எடுத்து, முதல் தடை வரை மட்டும் விட்டு, மிச்சத்தை எறிந்துவிடுவது. சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு ஈடாகக் கூடுதலாக எடுத்த திரவம் நிற்கும், நுரையும் வராது. ஆனால் சாதாரண உப்புக் கரைசலுக்கு இதைச் செய்தால் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும். எல்லாவற்றுக்கும் தலைகீழ் முறைதான் என்று அடம்பிடிக்கும் கூடங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

டிப்பில் மிச்சம் பிடிப்பது

மூன்று பிப்பெட்டை நல்ல கம்பெனியில் வாங்கிவிட்டு, டிப்பை மட்டும் கிலோக் கணக்கில் மொத்தக் கடையில் அள்ளுவது நம்மூர்க் கூடங்களில் சகஜம். புதுச் செருப்புக்குப் பழைய வார் போட்ட மாதிரி. மோசமான டிப்பின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: அச்சிலிருந்து பிரியும்போது தங்கிய பிளாஸ்டிக் பிசிறு துளையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசிச் சொட்டு அதில் தொங்கும். சில டிப்புகளின் துளை மையம் தவறி இருக்கும். மேல் விளிம்பு சரியான வட்டமாக இல்லாவிட்டால் தண்டில் இறுக்கமாக உட்காராது, காற்று புகும். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலத்தில்) பெட்டியை மூட்டைபோல் அடுக்கி வைத்தால் நல்ல டிப்பும் கோணிப்போகும். புது டிப் வாங்கினால் மொத்தமாக வாங்குமுன் ஒரு பையை எடுத்துத் தராசில் சோதியுங்கள். பழைய டிப்புக்கும் புது டிப்புக்கும் சராசரியில் வேறுபாடு தெரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வருவதும் சில வேலைகளில் முக்கியம். 2008-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, பிளாஸ்டிக் குழாய்களிலும் டிப்புகளிலும் இருந்து கசிந்த ஓலியமைடு போன்ற பொருள்கள் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியின் அளவீட்டையே பாதிப்பதை ‘சயன்ஸ்’ இதழில் காட்டியது. நொதித் தடுப்பான்களைச் சோதிப்பவர்கள் வெற்றுச் சோதனையையும் (தடுப்பான் சேர்க்காத ஒப்பீட்டுச் சோதனை) அதே டிப்பில், அதே கரைப்பானில் செய்ய வேண்டும்.

கழற்றுவதும் சரிபார்ப்பதும்

கிளாசிக்கின் பெரிய பலம் இதில்தான். டிப் தள்ளும் கையைக் கழற்றி, இணைப்பு நட்டைக் கையால் திருகினால், டிப் மாட்டும் தண்டு, பிஸ்டன், சீல், ஓ-ரிங் எல்லாம் வெளியே வந்துவிடும். திருப்புளிகூட வேண்டாம். பி2, பி10 இரண்டை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள், அவற்றின் பிஸ்டன் மிகவும் மெல்லியது. தண்டு, நட்டு, தள்ளும் கை மூன்றையும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் வைக்கலாம். மேல் பகுதியை வைக்கக் கூடாது. முழுப் பிப்பெட்டையும் அப்படியே உள்ளே வைக்க வேண்டிய நோய்க்கிருமிக் கூடம் என்றால் ரிசர்ச் ப்ளஸ் வாங்குங்கள், அது முழுதாகத் தாங்கும்.

பிரிக்கும்போது சீலும் ஓ-ரிங்கும் எந்த வரிசையில் இருந்தன என்று செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாற்றிப் போட்டால் கசியும். ஒரு பிப்பெட்டின் பிஸ்டனை இன்னொன்றில் போடாதீர்கள். இரண்டுமே பி200 ஆக இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் பிஸ்டனோடு சேர்த்து அளவு வைக்கப்பட்டது. சில கம்பெனிப் பிப்பெட்டுகளில் பிஸ்டனுக்குக் கிரீஸ் தடவச் சொல்வார்கள், கிளாசிக்கில் தடவக் கூடாது. செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் எடுத்த அன்றே பிரித்து, காய்ச்சி வடித்த நீரால் துடைத்து உலர்த்துங்கள். துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன்தான் என்றாலும் அமில ஆவியில் புள்ளி விழும். புள்ளி விழுந்த பிஸ்டன் புதுச் சீலையும் அறுத்துவிடும். வடிகட்டி வைத்த டிப் பயன்படுத்தினால் தெறிப்பு உள்ளே ஏறாது. ஆவியை அது முழுதாகத் தடுக்காது.

கசிவைக் கண்டுபிடிக்க: உச்ச அளவில் தண்ணீர் எடுத்து, டிப் நுனி காற்றில் இருக்கும்படி செங்குத்தாக 20 விநாடி பிடியுங்கள். நுனியில் சொட்டு திரண்டால் கசிவு. முதலில் டிப்பை மாற்றிப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். அடுத்து நட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகே சீல். பொத்தான் அமுக்கினால் மேலே வராமல் முரண்டு பிடித்தால் பிஸ்டனில் உப்போ சர்க்கரைக் கரைசலோ காய்ந்திருக்கிறது என்று பொருள், ஸ்பிரிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தராசில் பாருங்கள். 100-க்கு மேல் 1000 மைக்ரோலிட்டர் வரை 0.1 மி.கி. காட்டும் தராசு போதும். 10 முதல் 100 வரை 0.01 மி.கி. வேண்டும், அதற்கும் கீழே 0.001 மி.கி. தராசு தேவை. அது இல்லாதவர்கள் சிறிய பிப்பெட்டுகளை என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்புவதே நல்லது. தண்ணீரும் பிப்பெட்டும் டிப்பும் ஒரே அறையில் இரண்டு மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பத்து முறை எடுத்து எடை போட்டு, சராசரியை, மி.கி.யை மைக்ரோலிட்டராக மாற்றும் வெப்பநிலைக்கான காரணியால் பெருக்குங்கள். அந்தக் காரணி 20 டிகிரியில் 1.0029, 25 டிகிரியில் 1.0040. பி1000-இன் பத்து எடையின் சராசரி 25 டிகிரியில் 993.5 மி.கி. என்று வந்தால் 993.5 × 1.0040 = 997.5 மைக்ரோலிட்டர். பிழை 2.5 குறைவு, நல்ல பிப்பெட். காரணியை மறந்துவிட்டு 6.5 குறைகிறது என்று பதறி அளவைத் திருத்தப் போனால், சரியாக இருந்ததைக் கெடுத்ததாகும். பத்து எடைகளுக்கு இடையே உள்ள சிதறலையும் பாருங்கள்: சராசரி சரி, சிதறல் அதிகம் என்றால் கோளாறு பெரும்பாலும் கையில் அல்லது டிப்பில். சிதறல் குறைவு, சராசரி தள்ளி நிற்கிறது என்றால் பிப்பெட்டின் அளவு திருத்தம் கேட்கிறது.

எதை வாங்குவது

ஒருவர் வேலை செய்யும் கூடத்துக்கு பி20, பி200, பி1000 மூன்றும் போதும். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) செய்பவர்கள் பி2 அல்லது பி10 ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நாளெல்லாம் பிப்பெட் பிடிப்பவர்களுக்குக் கட்டைவிரல் வலி வரும். கிளாசிக்கில் டிப் தள்ளும் விசை கொஞ்சம் அதிகம். ரிசர்ச் ப்ளஸ்ஸில் தண்டே ஸ்பிரிங்கில் அமைந்திருப்பதால் மாட்டுவதும் தள்ளுவதும் இலகு. அப்படிப்பட்ட கூடத்துக்கு எனது ஓட்டு ரிசர்ச் ப்ளஸ்ஸுக்கே. பல கை மாறும் கல்லூரிக் கூடத்தில், உதிரிப் பாகம் வாங்கி நீங்களே பழுது பார்க்கிறீர்கள் என்றால் கிளாசிக். மலிவுப் பிப்பெட்டை வண்ணக் கரைசல் ஊற்ற, ஜெல்லில் சாயம் கலக்க, நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகம் பிரிக்க வைத்துக்கொள்ளலாம். திட்டக்கரைசல் தயாரிக்கும் மேசைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். வாங்கும்போது சீல், ஓ-ரிங் உதிரிப் பெட்டி ஊரில் கிடைக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாங்கியும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்: டிப்பில் திரவத்தோடு பிப்பெட்டை மேசையில் படுக்க வைத்தால் திரவம் பிஸ்டனுக்கு ஓடிவிடும்.